ஊர்தியாரின் பின்மண்டை

கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை இறுக மூடி, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு ஊர்தியார் காதோரத்துக்குக் கத்தரியைக் கொண்டுபோகும் நேரம் பார்த்துத்தான் குளியலறைக் கதவு தட்டப்படும்.

"உள்ள என் கத்தரியா?"

"இல்ல."

"பின்ன கையில இருக்கறது?"

"இது வேற."

"வீட்டுல இருக்கறதே ரெண்டு. ஒண்ணு என் மடியில கிடக்கு. அப்ப அது வானத்துல இருந்து விழுந்துச்சா?"

 'சரக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். வீட்டுக்காரம்மா தையல் வேலை செய்கிறவர். துணி வெட்டும் கத்தரியைக் காகிதத்தில் வைத்தாலே முனை மழுங்கிவிடும் என்று அதைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் படுக்க வைப்பவர். கூடப் பிறந்த தங்கை கேட்டபோதுகூட இரவல் கொடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட கத்தரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் தலையில் மேய்கிறது என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஊர்தியார் உட்காருவது கவிழ்த்துப் போட்ட வாளிமேல். எதிரே சுவரில் மூலை உடைந்த ஒரு கண்ணாடி. பின்னால் துண்டு மாட்டும் ஆணியில் அவருடைய வண்டியில் இருந்து கழற்றிய பழைய பக்கக் கண்ணாடி. வண்டிக்குப் புதுசு மாட்டியபோது, கழித்துப் போட்டதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது கொஞ்சம் புடைத்த கண்ணாடி. பின்னால் வருகிற லாரியைச் சின்னதாகக் காட்டும். முடியையும் அப்படித்தான் காட்டும். இத்தனூண்டுதானே என்று இவர் ஒரு வெட்டு வெட்டுவார். ஒரு கைப்பிடி கீழே விழும். போதாததற்கு வலக்கை போக வேண்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். "ரிவர்ஸ் எடுக்கற மாதிரிதான். கை பழகிட்டா போதும்" என்பது அவர் வாதம். இருபத்தாறு வருடத்தில் வண்டியை அவர் ஒரு சுவரிலும் இடித்தது கிடையாது. தலையைத்தான் மாதம் இரண்டு தடவை இடித்துக்கொள்கிறார்.

முன்பக்கம் குறை சொல்ல முடியாது. நேரில் பார்த்தால் பள்ளித் தலைமையாசிரியர் மாதிரி இருப்பார். திரும்பி நடந்தால்தான் விஷயம். பின்மண்டையில் மூன்று படி. மேல் படி புதர், நடுப் படி புல், கீழ்ப் படி கட்டாந்தரை. ஆடு மேய்ந்தாலும் ஒரு ஒழுங்கில் மேய்ந்திருக்கும்.

அவர் ஓட்டுவது அமரர் ஊர்தி. இறந்தவர்களைக் கொண்டுபோகும் வெள்ளை வண்டி. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஊர்தியார். மரியாதை 'யார்' எதற்கு என்றால், ஒருநாள் அவர் கையில்தானே போகணும் என்ற பயம்தான். அந்த வேலைக்கென்றே கடைந்தெடுத்த முகம் அவருக்கு. உதடு கீழ்நோக்கி வளைந்திருக்கும். புருவம் கொஞ்சம் தொங்கும். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்று ஒரு பேச்சு உண்டு.

அந்த முகத்துக்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இழவு வீட்டில் நுழைந்ததும் அவர் கேட்பது மூன்று கேள்விகள்தான். "படியா, லிஃப்டா?" "கூட எத்தனை பேரு?" "முன்சீட்ல யாரு? இப்பவே பேசி முடிச்சுருங்க, கிளம்பும்போது சங்கடம் வேணாம்." மூன்றாவது கேள்வியில் எத்தனையோ பங்காளிச் சண்டைகளை முளையிலேயே கிள்ளியிருக்கிறார்.

ஏன் வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸிடம் "அந்தச் சீப்பு நூறு தலை பாத்த சீப்பும்மா" என்றார். நர்ஸ் மனம் குளிர்ந்து போனார். மச்சானிடம் "நேரம் எங்க இருக்கு?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சலூனில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆமாம், சலூனில்தான். அதுதான் வேடிக்கையே. சவாரி இல்லாத நேரமெல்லாம் ஊர்தியார் குடியிருப்பது தெருமுனைச் சலூனில். வேறு போக்கிடம் இல்லை என்பதும் உண்மை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்டூல்கள் தானாக நகரும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் நடைப்பயிற்சிக்காரர்கள் வேகமாக நடப்பார்கள். யார் வீட்டுக்காவது சும்மா போனால், "எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோமே!" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். சலூன்காரர் ஒருவர்தான், "வாங்கண்ணே, உக்காருங்க. இன்னைக்குப் பேப்பர்ல ஒரு கூத்து போட்டிருக்கான்" என்று பெஞ்சைத் தட்டிக் காட்டுவார். பத்து வருடமாக அந்த பெஞ்சின் வலக்கோடி ஊர்தியாருக்குப் பட்டா போட்டது மாதிரி.

அந்தக் கடையில் முன்சுவரிலும் கண்ணாடி, பின்சுவரிலும் கண்ணாடி. பெஞ்ச் பின்சுவரை ஒட்டி. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிக்கொண்டவருக்குத் தன் முகம் தெரிகிறதோ இல்லையோ, ஊர்தியாரின் பின்மண்டை தெரியும். ஒன்றல்ல, கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி என்று வரிசையாக ஒரு டஜன் பின்மண்டை. ஒரு ரெஜிமெண்டே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல.

பழைய ஆட்களுக்குப் பழகிவிட்டது. புது ஆட்கள்தான் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். "அவருக்கு யாரு வெட்டினது?"

"சத்தியமா நான் இல்லைங்க."

"பின்ன ஏன் உங்க கடையிலேயே இருக்காரு?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே சலூன்காரர் ஊர்தியாரிடம் பேசிப் பார்த்தார். "இலவசமா வெட்டிவிடறேண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தார். "ஓசிக்குத் தலைகுனியற ஆளு நான் இல்ல" என்றார் ஊர்தியார். "அப்ப காசு குடுங்க." "தெரிஞ்ச வேலைக்கு எவனாச்சும் காசு குடுப்பானா?" என்றார். சரி, தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றதற்கு, துக்க வீட்டில் தொப்பி மரியாதை இல்லை என்றுவிட்டார்.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு புது சலூன் வந்த பிறகுதான் விஷயம் முற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த நாள் வேலைக்கு நேர்முகம் என்று ஒரு இளைஞன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடியில் அந்த வரிசையைப் பார்த்தான். 

"அண்ணா, அந்த ஸ்டைல் எனக்கு வேணாம்."

"அது ஸ்டைல் இல்ல தம்பி. அது அவரு சொந்தமா..."

ஊர்தியார் பேப்பரைத் தாழ்த்தினார். பையனுக்குத் தைரியம் சொல்லலாம் என்ற நல்ல எண்ணம்தான். "பயப்படாத தம்பி. கைராசிக்காரரு."

"நீங்க... என்ன வேலை பண்றீங்க?"

"அமரர் ஊர்தி ஓட்டறேன். அந்தா நிக்குதே, அதான்."

இளைஞன் கழுத்துத் துணியோடு எழுந்தான். துணியை வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டான். கண்ணாடிக் கதவு ஒருமுறை மின்னி மூடியது.

சலூன்காரர் துணியை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி உதறினார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், இப்படித்தான்.

"அண்ணே, ஒண்ணு உங்க தொழிலு, இன்னொண்ணு உங்க தலை. ரெண்டையும் சேத்து என்னால தாங்க முடியல. நாளையில இருந்து தலைய நான் வெட்டணும். இல்லாட்டி பெஞ்சை மறந்துருங்க."

"பத்து வருஷப் பழக்கம்..."

"இந்த மாசம் மட்டும் இப்படி எந்திரிச்சுப் போனது நாலாவது ஆளு. கடைய மூடிட்டு நானும் உங்க வண்டியில ஏறிக்கட்டுமா?"

ஊர்தியார் பேப்பரை நான்காக மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஒன்பது நாள் அவர் வீட்டில் இருந்தார். அந்த ஒன்பது நாளை வீட்டுக்காரம்மாவிடம்தான் கேட்க வேண்டும். துணி வெட்டும் மேசையில் சாய்ந்துகொண்டு, "இந்த ஓரம் கோணலா இல்ல?" என்பார். அந்தத் தலையை வைத்துக்கொண்டு அவர் கோணல் பார்க்கிறார்! அளவு கொடுக்க வந்த பெண்கள் வாசலில் வெள்ளை வண்டியைப் பார்த்துப் பதறி, "ஐயோ, யாருக்கு என்னாச்சு?" என்று அழுதுகொண்டே நுழைந்தார்கள். ஒருத்தி பூவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் வீட்டுக்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு சலூனுக்குப் போய் நின்றார்.

"தம்பி, அவரத் திரும்பச் சேத்துக்க."

"ஒரு வெட்டுதான் அண்ணி கேட்டேன். பத்து நிமிஷம். மனுஷன் மலை மாதிரி நிக்கறாரு. என் கைமேல நம்பிக்கை இல்லையா?"

"உன் கைமேல இல்லப்பா, அவரு கழுத்துமேலதான் நம்பிக்கை இல்ல." வீட்டுக்காரம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அங்க யாராச்சும் விரல் வச்சா அவருக்குச் சிரிப்பு வந்துரும்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே."

"நீ நெனைக்கற சிரிப்பு இல்ல. கிக்கிக்கின்னு, பாப்பாவக் கிச்சுகிச்சு மூட்டினா வருமே, அது. ஆரம்பிச்சா நிக்காது. கல்யாணமான புதுசுல காலர் தச்சுக் குடுக்கலாம்னு நாடாவக் கழுத்துல வச்சேன். கட்டில்ல விழுந்து உருண்டுட்டாரு. எங்க மாமியார் வந்து என்னத்தான் ஒரு மாதிரியாப் பாத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அவரு காலர் உத்தேசந்தான்."

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார்.

"சின்ன வயசுல சலூன்ல சிரிச்சுக் குலுங்கி, காதுல கத்தி பட்டிருக்கு. கடையே சிரிச்சுச்சாம். இப்ப செய்யறது என்ன வேலை? நாளைக்கு ஒரு சாவு வீட்ல, 'இவருதான் அன்னைக்கு சலூன்ல கிக்கிக்கின்னாரு'ன்னு ஒருத்தன் ஞாபகப்படுத்திட்டா? அப்புறம் அந்த முகத்த எவன் நம்புவான்? ராத்திரியெல்லாம் இதையேதான் பொலம்பறாரு. சலூன்ல விழுந்த சேதி வெட்டின முடி மாதிரி, எவன் சட்டையில ஒட்டிட்டுப் போகும்னே தெரியாதுங்கறாரு. உன்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுருவாரு. அதுவும் என் கத்தரியிலயே."

ஊரில் யார் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது வரை சொல்லிச் சொல்லியே கடை நடத்துகிறவர் சலூன்காரர். இப்படி ஒரு சேதி கையில் கிடைத்தும் அன்று முழுக்க வாயைத் திறக்காமல் ஏழு தலை வெட்டினார். ஏழாவது ஆள், "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்றே கேட்டுவிட்டார்.

சாயங்காலம் அவரே நடந்து போய், வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்த ஊர்தியாருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடையில ஈ காக்கா இருக்காது. ஷட்டரப் பாதி இறக்கிடறேன்."

"எதுக்கு?"

"அண்ணி வந்தாங்க."

ஊர்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நிற்கிற வண்டியில். "எது வரைக்கும் சொன்னா?"

"காலர் வரைக்கும்."

 பிறகு பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வேணாம் தம்பி. இந்தத் தொழில்ல ஒரு ஆளு நம்மளப் பாத்துச் சிரிச்சுட்டாப் போச்சு. இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒருத்தர் சிரிச்சதில்ல."

சலூன்காரர் மூக்கைச் சொறிந்தார். "எங்க மாமாவ நீங்கதான் கொண்டுபோனீங்க."

"ஆமா. அஞ்சு வருஷம் இருக்கும். மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல."

"நான் பின்னாடி அத்தை பக்கத்துல உக்காந்திருந்தேன். உங்க சீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்குல்ல? சட்டம் போட்டு, பளபளன்னு தொடச்சு. அதுக்கு நடுவுல, படம் மாட்டின மாதிரி, உங்க பின்மண்டை. மூணு படியும் தெரியுது. அத்தை வழி முழுக்க முந்தானைய வாயில வச்சுட்டுக் குலுங்கிட்டே வந்தாங்க. நான் அழறாங்கன்னு முதுகத் தடவிக் குடுத்துட்டே வந்தேன்."

"புருஷன் போன துக்கம்..."

"இறங்கும்போது என் காதுல சொன்னாங்க. 'உங்க மாமா மட்டும் இருந்திருந்தா இந்த மண்டைக்கு ஒரு வாரம் சிரிச்சிருப்பாருடா'ன்னு."

ஊர்தியாரின் கை ஸ்டியரிங்கை விட்டது. மெதுவாகப் பின்னால் போனது. ஒரு படி, இரண்டாவது படி, மூன்றாவது படி என்று விரல் இறங்கியது. இருபத்தாறு வருடத்தில் அந்தச் சன்னல் வழியாக எத்தனை குடும்பம் பார்த்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். அந்த நாற்காலியில் அதற்கு முன் அவர் உட்கார்ந்ததே இல்லை. கோர்ட்டில் கூண்டேறுகிறவர் மாதிரி ஏறினார்.

சலூன்காரர் வெள்ளைத் துணியைப் போர்த்தி, முடிச்சுப் போட விரலைக் கழுத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

"கிக்!"

"அண்ணே, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"தெரியுது... கிக்கிக்... தெரியுது, நீ வெட்டு... ஐயோ!" அந்தப் பானைக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. தோள் காதுவரை ஏறி, தலை ஆமைபோல உள்ளே போய்விட்டது.

"ஏதாச்சும் துக்கமா நெனச்சுக்கங்கண்ணே."

"சாவு வீட்டுல இருந்துதாண்டா... கிக்கி... இப்ப நேரா வரேன்!"

ஷட்டருக்கு வெளியே இரண்டு கால் வந்து நின்றன. வழக்கமாக ஷேவிங்குக்கு வரும் தபால்காரர். "யாருப்பா உள்ள? குழந்தையா?"

"ஆமாண்ணே, குழந்தைதான்! மொத முடி! நாலு மணிக்கு வாங்க!"

"நல்லா சிரிக்குதே. நம்ம பேரனெல்லாம் கத்தியே கடையத் தூக்கிருவான்." கால்கள் போயின.

துணிக்குள் ஊர்தியார் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சலூன்காரரும் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அழுத்திக்கொண்டார். இப்படியே வெட்டுவதும் விடுவதுமாக ஒரு மணி நேரத்தில் வலப்பக்கம் முடிந்தது. எதிரெதிர்க் கண்ணாடியில் அது வரிசையாகத் தெரிந்தது. வலப்பக்கம் ஒரு டஜன் கனவான்கள். இடப்பக்கம் இன்னும் அந்த மூன்று படி.

அப்போது போன் அடித்தது.

சலூன்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார். மூச்சைக்கூட விடவில்லை. ஊர்தியார் துணிக்குள்ளிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உதடு கீழே வளைந்தது. புருவம் இறங்கியது. குரல் பானைக்குள் திரும்பிப் போனது.

"சொல்லுங்கம்மா... ம்... அப்பாவா... எத்தனை வயசு? ம்... படியா, லிஃப்டா? சரிம்மா. முன்சீட்ல யாருன்னு மட்டும் பேசி வச்சுருங்க... ம்... நீங்க பின்னாடி அப்பாகூடவே உக்காந்து வரீங்களா? சரிம்மா. நாலு மணிக்கு வாசல்ல நிப்பேன்."

போனை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐந்து. சலூன்காரர் இன்னும் கையை இறக்கவில்லை.

"அண்ணே, கிளம்புங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். இனி சிரிப்ப அடக்க முடியாது, ரெண்டு பேருக்குமே."

ஊர்தியார் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்து வரேங்குது" என்றார்.

வெள்ளைத் துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டி வாய் நிறையத் திணித்து, பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, தாடை மார்பில் முட்டும்வரை தலையைக் கவிழ்த்துக் கழுத்தை நீட்டினார்.